வெள்ளை ஒயினின் இனிப்பை நாக்கால் அளப்பது எப்படி?

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. அவ்வாறு மாறாமல் எஞ்சும் சர்க்கரையே ஒயினின் இனிப்பு. ஏறக்குறைய எதுவும் எஞ்சாவிட்டால் அது டிரை ஒயின். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர் பலர் பழமணம் வீசினாலே இனிப்பு ஒயின் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

புட்டியைத் திறக்குமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இரண்டு கோப்பைகளில் தலா 200 மில்லி தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் 4 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, ஒன்றில் மட்டும் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். இரண்டிலும் லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருந்தபோதிலும், எலுமிச்சை சேர்த்தது குறைவாகவே இனிக்கும். ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயினில் நிகழ்வதும் இதுதான்: அதன் கூர்மையான புளிப்பு, இருக்கும் சர்க்கரையை மறைத்துவிடுகிறது.

அடுத்து லேபிளைப் படியுங்கள். தென்னாப்பிரிக்காவில் டிரை ஒயினில் லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாகாது. 'நோபிள் லேட் ஹார்வெஸ்ட்' (பிந்தி அறுவடை செய்த திராட்சையின் இனிப்பு ஒயின்) என்றால் 50 கிராமைத் தாண்டியிருக்கும். ஆல்கஹால் அளவு 8 அல்லது 9 சதவீதமாக இருந்தால் பெரும்பாலும் இனிப்பு எஞ்சியிருக்கும். ஜெரிப்பிகோ என்னும் இனிப்பு ஒயின் இதற்கு விலக்கு. நொதிக்காத சாற்றிலேயே மதுசாரம் சேர்ப்பதால் அதில் ஆல்கஹாலும் மிகுதி, இனிப்பும் மிகுதி.

பிறகு, குளிர்ந்த ஒயினில் ஒரு வாய் எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவையுங்கள். மணம் விலகியதால் நாக்கில் படும் இனிப்பு, புளிப்பு போன்ற சுவைகள் மட்டுமே தெரியும். விழுங்கியபின் கன்னங்களின் உட்புறத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்பின் வேலை. பல ஒயின்களைச் சுவைப்பதானால் டிரையில் தொடங்கி இனிப்பில் முடியுங்கள்.

பழகுவதற்குச் சோவினியோன் பிளாங் என்னும் வெள்ளைத் திராட்சையின் ஒயின் ஏற்றது. பெரும்பாலும் டிரையாகவே கிடைக்கும், பச்சைப்புல் மணமும் தெளிவாக இருக்கும். ஹனிபூட் எனப்படும் அலெக்சாண்டிரியா மஸ்கட் திராட்சையின் ஒயின், டிரையாக வடித்தாலும் தேன்போல மணந்து மூக்கை ஏமாற்றும். என் விருப்பம் ஷெனின் பிளாங். இந்நாட்டில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை அது. முற்றிலும் டிரையாகவும், சற்று இனிப்பாகவும், பிந்தி அறுவடை செய்து தேன் போன்ற ஒயினாகவும் ஒரே இரகத்தை வடிக்க முடிகிறது. ஆகவே மூன்று நிலைகளிலும் ஷெனினையே வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால், திராட்சையின் வேறுபாடு குறுக்கிடாமல் இனிப்பை மட்டும் கவனிக்கலாம்.

காரமான ஆட்டுக்கறியுடன் ஆல்கஹால் மிகுந்த டிரை ஒயின் எரிச்சலைக் கூட்டும். சற்று இனிப்பான ஷெனினை நன்கு குளிரவைத்துப் பரிமாறுங்கள்.