பழைய காரின் வெளுத்த பிளாஸ்டிக்குக்குப் புது நிறம்: வீட்டிலேயே செய்யும் முறை

எங்கள் வீட்டு மாருதி 800 மன்னார்குடி பக்கத்தில் வேப்பமரத்தடியில்தான் பல வருடமாக நிற்கிறது. இன்ஜின் இன்றும் ஒரே சாவியில் எடுக்கும். கதவைத் திறந்தால்தான் மனசு கேட்காது. டோர் பேட், அதாவது கதவின் உள்பக்க பிளாஸ்டிக் பலகை, முழுக்க வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும், அப்பா கை பட்ட இடம் மட்டும் வழவழவென்று கறுப்பாக இருக்கும். 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. உள்பக்க டிரிம் புதிதாகத் தேடி அலைவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதே நல்லது. முதன்முறை ஸ்ப்ரே கேனைக் கையில் எடுப்பவர்களும் ஒரு சனி, ஞாயிறில் அடித்து முடித்துவிடலாம், திரும்ப மாட்ட மட்டும் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

நாள் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அடித்தால், பெயிண்டைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் அந்த ஈரம் பெயிண்ட் மேலேயே படியும். அடைமழைக்கு நடுவே ஒருநாள் வெயில் அடித்ததை நம்பி நான் அடித்தேன். கால் மணி நேரத்தில் கறுப்பு முழுவதும் நீர்மோர் ஊற்றியது போல வெண்மை பூத்துவிட்டது. தை மாதமும் வேண்டாம். சம்பா அறுவடை நடக்கும், வைக்கோல் சுணை பறந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். மாசி, பங்குனியில் பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

கழற்றுவது

காரிலேயே வைத்து டேப் ஒட்டி அடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். கழற்ற முடிந்ததை மட்டும் அடியுங்கள். காரை ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், கிளிப் உடைவது குறையும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், பழைய பிளாஸ்டிக் ஸ்கேலில் துணி சுற்றி நெம்புங்கள். ஸ்குரூக்களை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையில் போட்டு வைத்தால் மாட்டும்போது குழப்பம் வராது.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில்தான் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அதில் ஸ்குரூ இருக்காது, பின்னால் குதிரை லாட வடிவத்தில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். வேட்டித் துணியில் இரண்டு விரல் அகலம் கிழித்து, கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் நடுவே நுழைத்துவிடுங்கள். மத்தில் கயிறு போட்டுத் தயிர் கடைவது போல இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். துணி கிளிப்பின் நுனியில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கிளிப் துள்ளி ஓடும், அதனால் பக்கத்தில் ஒருவரைத் துண்டை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

புது மாடல் காராக இருந்தால் ஏர்பேக் மூடியை மட்டும் கழற்றவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பெயிண்ட் ஏறினால் அது திறக்க வேண்டிய விதத்தில் திறக்காமல் போகலாம்.

எந்த பிளாஸ்டிக்?

துண்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ சிறிதாக அச்சு இருக்கும். பிபி என்பது பாலிபுரோப்பிலீன், அதில் பெயிண்ட் சுலபத்தில் ஒட்டாது. ஏபிஎஸ்ஸில் நன்றாக ஒட்டும், ஆனால் தின்னர் பட்டால் கரையும். அச்சு இல்லையென்றால் பின்பக்க ஓரத்தில் நகக்கண் அளவு சீவி ஒரு டம்ளர் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் அநேகமாக பிபி. மூழ்கினால் முடிவு கட்ட முடியாது, டால்க் தூள் கலந்த பிபியும் மூழ்கும். சந்தேகம் இருந்தால் பிபி என்றே எடுத்துக்கொண்டு, கலருக்கு முன் பிளாஸ்டிக் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். நஷ்டமில்லை.

கழுவுவது

முக்கால்வாசி வேலை இதுதான். நம் பக்கம் டேஷ்போர்டு பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், கார் கழுவும் கடையில் சிலிக்கான் பாலிஷ் போடுவார்கள். இரண்டும் பெயிண்டுக்கு எமன். சிலிக்கான் துளி மிச்சமிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன் கண் போலக் குழி விழும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் தேய்ந்த ஸ்கிரப்பரும் போதும். மூன்று முறை தேய்த்து அலசுங்கள், மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். ஸ்பீடோமீட்டர் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் அதைத் தொடவிடாதீர்கள், வெடிப்பு விடும்.

உப்புத்தாள் போட ஆசை வரும். பரப்பில் தோல் மாதிரி வரி இருக்கிறதே, அதைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது. ஸ்கிரப்பர் போட்ட கீறலே போதும். வழவழப்பான துண்டில் ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 400, பிறகு 600 நம்பர் தாளை நனைத்துத் தேய்க்கலாம்.

அடிப்பது

இரும்புக்கு அடிக்கும் பிரைமர் இதற்கு ஆகாது, பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிசாக ஒரு கோட். எவ்வளவு நேரத்துக்குள் கலர் அடிக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதை மீறாதீர்கள்.

கலர் மேட் ஃபினிஷ்தான். டேஷ்போர்டில் பளபளப்பு அடித்தால் வெயிலில் முன் கண்ணாடியில் அதுதான் தெரியும், ரோடு தெரியாது. கேனை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, துண்டுக்கு வெளியே தொடங்கி வெளியே போய் முடியுங்கள். முதல் கோட்டில் பழைய நிறம் தெரிய வேண்டும். அதைப் பார்த்துப் பதறி அங்கேயே அழுத்தினால் ஒழுகும். கால் மணி நேர இடைவெளியில் மூன்று, நான்கு மெல்லிய கோட்டில் மூடிவிடும். திறந்த வெளியில் அடியுங்கள். துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

மாட்டுவது

அரை மணியில் தொட்டால் ஒட்டாது, ஆனாலும் இரண்டு நாள் நிழலில் விடுங்கள். நன்றாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை துடைக்க வேண்டாம். பின்புறம் ஒரு மூலையில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் கூட வந்தால் கழுவியது போதவில்லை, திரும்ப முதலிலிருந்து.

கைப்பிடிக்குக் கிளிப்பை முதலில் கைப்பிடியிலேயே செருகிக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணாடியை முழுக்க ஏற்றி, எதிர்க் கதவில் கைப்பிடி எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். டக் என்று சத்தம் வந்தால் கிளிப் உட்கார்ந்துவிட்டது.