கேட்டலாக் கட்டுரை எழுதப் போறீங்களா, மொதல்ல வருஷத்த பாருங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல அங்கங்க நல்ல காரியம் ஒண்ணு நடக்கு. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, பகல்ல கடைகளுக்கு போர்டு எழுதிட்டு ராத்திரி கேன்வாஸ்ல வரைஞ்சவங்க, இவங்களோட படங்கள பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பரண்ல இருந்து இறக்கி, தூசி தட்டி கண்காட்சி வைக்காங்க, கூடவே கேட்டலாக், அதாவது படங்களோட விவரம் போட்ட புத்தகம் போடுதாங்க, கொஞ்சம் வசதி இருந்தா அந்த ஒரு ஆர்ட்டிஸ்ட்டப் பத்தி மட்டுமே உள்ள முழு மோனோகிராஃபே கொண்டு வாராங்க. அதுக்கு கட்டுரை எழுத காலேஜ் முடிச்ச பிள்ளைங்க வாராங்க. நல்லா எழுதுதாங்க, உழைப்பும் இருக்கு. ஆனா எங்க தலைமுறை பண்ணின அதே தப்புகள வரிசை மாறாம பண்ணுதாங்க. டிராஃப்ட் என் கைக்கு வரும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதுதேன். எழுத்துப்பிழை, காப்பி அடிக்கது, சொன்ன தேதிக்கு குடுக்காதது, இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அத விட்டுருதேன்.

வாட்ஸ்அப்ல வந்த படத்த பாத்து எழுதறது

போன்ல எல்லா படமும் ஒரே சைஸுதான். உள்ளங்கை அளவு ஸ்கெட்சும் ஆறடி கேன்வாஸும் ஒண்ணு போலத்தான் தெரியும். பெயின்ட்ட கத்தியால அப்பியிருக்காரா, மெல்லிசா பூசி விட்டிருக்காரா, அடியில வேற ஒரு படம் இருந்து அதுக்கு மேல வரைஞ்சிருக்காரா, ஒண்ணும் பிடிபடாது. மெட்ராஸ் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்குல ஆரம்பிச்ச 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைய எடுத்துக்கோங்க. சின்ன ஸ்கிரீன்ல பாத்தா மலையாளத்துல ஏதோ எழுதியிருக்காரு, பக்கத்துல ஜாதகக் கட்டம் போட்டிருக்காருன்னு தோணும், உடனே அது என்ன வாசகம், என்ன மந்திரம்னு தேடி ஒரு பக்கம் எழுதிருவாங்க. படத்து முன்னால போயி நின்னா, அதுல முக்கால்வாசி படிக்கிறதுக்கான எழுத்தே இல்லன்னு தெரியும், எழுத்து போல போற கோடு, அவ்வளவுதான், அதுலதான் அவரோட வேலையே இருக்கு. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துல பணிக்கருக்குன்னே ஒரு கேலரி இருக்கு. நாகர்கோவில் வடசேரியில பஸ் ஏறினா காலையில போயி சாயங்காலம் திரும்பிரலாம். போயிட்டு வந்து எழுதுங்க.

வருஷத்த சரிபாக்காம அது மேல கட்டுரைய கட்டறது

இதப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

ஒரு டிராயிங் மாஸ்டரு, இறந்து போனவரு, பேரு வேண்டாம். அவரு குடும்பம் ஆளுக்கு கொஞ்சம் பணம் போட்டு புத்தகம் கொண்டு வந்தாங்க. கட்டுரை எழுதின பையன் கெட்டிக்காரன். அவன் பிடிச்ச பாயிண்ட் என்னன்னா, மெட்ராஸ் ஓவியப் பள்ளியில பணிக்கரும் அவரு மாணவர்களும் சேந்து சென்னை பக்கத்துல சோழமண்டலம்ங்கிற ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சது 1966ல, ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே, 1964லயே, எந்த குரூப்லயும் இல்லாம நாகர்கோவில்ல தனியா உக்காந்து நம்ம மாஸ்டர் அதே பாதையில ஒரு படம் வரைஞ்சிருக்காரு, ஆகவே இவரு முன்னோடி, சென்னைக்காரங்க எழுதின வரலாற்ற திருத்தணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. குடும்பத்துக்கு கண்ணுல தண்ணியே வந்துட்டு. 1964ங்கிறது எங்க இருந்து வந்ததுன்னு மட்டும் யாரும் கேக்கல.

அச்சடிச்சு பைண்டிங் முடிஞ்ச பொறகு ஒரு காப்பி எனக்கு வந்துது. அந்த படத்த பாக்கணும்னு வீட்டுக்கு போனேன், மகன் சுவர்ல இருந்து இறக்கித் தந்தாரு. திருப்பி பாத்தா, கேன்வாஸ் பின்பக்கத்துல மாஸ்டர் கையெழுத்துலயே படத்தோட பேரும் வீட்டு அட்ரஸும், முடிவுல நாகர்கோவில் 629001. இந்தியாவுல பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ல. பக்கத்துல மஞ்சளடிச்ச ஒரு சின்ன பேப்பர் ஒட்டியிருந்துது, அதுல 64னு மட்டும் எழுதியிருந்துது. பையன்கிட்ட கேட்டா, "சார், வீட்டுல டைப் பண்ணி தந்த லிஸ்ட்ல 1964னுதான் இருந்துது, நான் எதுக்கு சந்தேகப்படணும்?"ங்கான்.

படம் வரைஞ்சு வருஷம் கழிச்சும் அட்ரஸ் எழுதியிருக்கலாம், எங்கயாவது அனுப்பும்போது எழுதுறதுதான், அதனால பின்கோடு மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது, அத நானும் ஒத்துக்கிடுதேன். அதனால மாஸ்டரோட பெட்டிய தேடச் சொன்னேன். 1976ல நடந்த ஒரு கண்காட்சியோட மடிப்பு நோட்டீஸ் கிடைச்சுது, அதுல வரிசை எண் 64, அதே பேரு, புதுசா வரைஞ்ச படங்கள்ங்கிற தலைப்புக்கு கீழ. அதாவது கண்காட்சி நம்பர யாரோ வருஷம்னு நெனச்சு லிஸ்ட்ல முன்னால 19 சேத்துருக்காங்க. கட்டுரையோட நடுத்தூணே அந்த ஒரு நம்பர் மேல நின்னுட்டு இருந்துது.

பொறகு நடந்தத சொல்லவே கஷ்டமா இருக்கு. பதினாறு பக்கத்த ஒரே தாள்ல சேத்து அடிக்க ஃபாரம் ஒண்ணு முழுசா திரும்ப அடிக்க வேண்டியதாச்சு, கேப்ஷன் வேற ஃபாரத்துல இருந்ததால அதையும் சேத்து அடிக்கணும், ஆர்ட் பேப்பர் விலை தெரியும்தானே, பைண்டிங்க பிரிச்சா அட்டையும் போச்சு. அந்த குடும்பத்துக்கு அது சாதாரண பணம் இல்ல. அதுக்குள்ள குடுத்து முடிச்ச காப்பிகள திரும்ப வாங்க வழியே இல்ல. இப்பவும் ஏதோ லைப்ரரியில அந்த 1964 உக்காந்திருக்கு, நாளைக்கு ஒரு ரிசர்ச் பிள்ளை அத எடுத்து அடிக்குறிப்புல போடும், அதுக்கு அடுத்த ஆளு அந்த அடிக்குறிப்ப பாத்து போடும். படம் விலைக்கு போகும்போது வாங்குறவங்க கேக்க முதல் ஆதாரமும் கேட்டலாக்குதான். இது எல்லாத்தையும் விட எனக்கு வலிக்கது வேற. மாஸ்டரோட அந்த படம் 1976லயும் நல்ல படம்தான். தனியா, யாரும் பாராட்டாம, அந்த வயசுல அப்படி ஒரு திருப்பம் எடுத்தாரே, அதப் பத்தி எழுத எவ்வளவு இருந்துது! 'முன்னோடி'ங்கிற பட்டத்துக்கு ஆசைப்பட்டு அத எழுதவே இல்ல.

அதனால, எந்த படத்துக்கும் வருஷம் போடுறதுக்கு முன்னால திருப்பிப் பாருங்க. முன்பக்கத்துல கையெழுத்துக்கு கீழ உள்ள வருஷத்தையும் கண்ண மூடி நம்பாதீங்க, விக்கும்போதோ பரிசா குடுக்கும்போதோ கையெழுத்து போட்டவங்க நிறைய பேரு, அப்போ அன்னைக்கு உள்ள வருஷத்த போட்டிருப்பாங்க. பின்பக்கத்து ஸ்டிக்கர், சீல், ஃப்ரேம் கடை லேபிள் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு தமிழ்நாடுன்னு பேரு மாறினது 1969 ஜனவரியில, அதனால தமிழ்நாடு அரசுன்னு சீல் இருந்தா அந்த சீல் அதுக்கு பொறகு உள்ளது. நம்ம மாவட்டம் மெட்ராஸ் ஸ்டேட்டோட சேந்தது 1956 நவம்பர் 1ல, அதுக்கு முன்ன உள்ள பேப்பர்ல திருவிதாங்கூர்னோ திருவிதாங்கூர்-கொச்சின்னோதான் இருக்கும்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உள்ள சிக்கல். பழைய ரசீது, டைரி, ஸ்கூல் ரெக்கார்டு இதுல எல்லாம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு போட்டிருக்கும். இங்கிலீஷ் வருஷம் கண்டுபிடிக்க எல்லாரும் 825 கூட்டிட்டு அடுத்த வேலைக்கு போயிருதாங்க. கொல்லம் ஆண்டு பொறக்கது ஆவணியில, ஆகஸ்ட் நடுவுல. அதனால அங்க இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரிக்கு பொறகுதான் 825. கொல்லம் 1124 ஐப்பசின்னா அது 1948, 1949 இல்ல. ஒரு வருஷம்தானேன்னு சொல்லாதீங்க, மேல சொன்ன கதையில சண்டையே ரெண்டு வருஷத்துலதான் நின்னுது.

ரவிவர்மா பிரிண்ட்டும் இந்தக் கணக்குலதான் வரும். தக்கலை, இரணியல் பக்கம் பழைய வீட்டு பூஜை ரூம்ல லட்சுமி, சரஸ்வதி படம் இருக்கும், அத கண்காட்சியில வெச்சு 'ராஜா ரவிவர்மா, 1880கள்'னு போட்ட கேட்டலாக் பாத்துருக்கேன். பம்பாயில அவரு அச்சகம் ஆரம்பிச்சதே 1894ல. பொறகு லோனாவாலா பக்கத்துல மாளவ்லிக்கு போச்சு, ஜெர்மன்காரர் கைக்கு மாறிச்சு, 1906ல ரவிவர்மா இறந்த பொறகும் அங்க படம் அடிச்சுட்டே இருந்தாங்க. அதனால மூலப்படம் எந்த வருஷம், இந்த பிரிண்ட் எந்தக் காலம், ரெண்டையும் பிரிச்சு எழுதணும். பிரிண்ட்டோட காலம் உறுதியா தெரியலன்னா 'தேதி இல்லை'ன்னு போடுங்க. அதுல ஒரு வெக்கமும் இல்ல, எவ்வளவோ பெரிய மியூசியம் அப்படித்தான் போடுது.

குமரின்னா கடல்னு முடிவு கட்டறது

நம்ம ஊரு ஆர்ட்டிஸ்ட்டப் பத்தி எழுத உக்காந்தாலே முதல் பாராவுல முக்கடல், சூரிய உதயம், அஸ்தமனம். நீலம் கண்டா கடல், சிவப்பு கண்டா அஸ்தமனம். அவரு வீடு பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல இருக்கும், அத யாரும் கேக்க மாட்டாங்க.

அடுத்தது 'பத்மநாபபுரம் சுவரோவியங்களின் தாக்கம்'. கேட்டு கேட்டு அலுத்துட்டு. அந்த ஓவியங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள உப்பரிகை மாளிகையோட மேல் தளத்துல இருக்கு, அங்க பொதுவா பார்வையாளர்கள விடுறதில்ல. அரண்மனை நம்ம மாவட்டத்துல இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசு தொல்லியல் துறை கையில. அப்போ சின்ன வயசுல தினமும் அந்த ஓவியங்கள பாத்து வளந்தாருன்னு எழுதினா, எப்படி பாத்தாரு, யாரு கூட்டிட்டு போனா, இல்ல புத்தகத்துல வந்த படத்த பாத்தாரா, சொல்லணும்லா? திருநந்திக்கரை குகையில இப்போ பழைய ஓவியத்தோட மங்கின தடம்தான் மிச்சம், அதுல இருந்து நிறம் எடுத்தாருன்னு எழுதுறதும் இதே கதைதான். சிதறால் மலையில உள்ள சமணச் சிற்பங்கள் வேற விஷயம், அது திறந்த பாறை, யாரும் ஏறிப் பாக்கலாம், ஒருத்தரோட ஸ்கெட்ச் நோட்டுல அந்த தீர்த்தங்கரர் உருவம் பென்சில்ல இருந்துதுன்னா தாராளமா தாக்கம்னு எழுதுங்க. நோட்டு இருக்கு, ஆதாரம் இருக்கு. ஆதாரம் இல்லாத எடத்துல பிறந்த ஊர வெச்சு ஒருத்தரோட கலைய விளக்காதீங்க, அவரு அதுக்கு மேல நிறைய யோசிச்சிருப்பாரு.

தியரிய முன்னால நிறுத்தறது

மூணாம் பக்கம் வரைக்கும் ஒரு படம்கூட வரலன்னா அந்த மூணு பக்கத்தையும் எடுத்துருங்க.

ஆர்ட்டிஸ்ட் சொன்னத அப்படியே போடறது

உயிரோட இருக்கவங்களோட மோனோகிராஃப்ல இது வரும். அவங்க ஞாபகத்த மதிக்கணும், பேட்டிய பேட்டியாவே தேதியோட போடுங்க, ஆனா கட்டுரையில வரும்போது கடிதம், நோட்டீஸ், பத்திரிகை கட்டிங்னு இன்னொரு சாட்சி வேணும். "மாமா அப்படித்தான் சொன்னாவ"ன்னு என்கிட்ட ஒரு பிள்ளை சொல்லிச்சு. சொந்த மாமாவா இருந்தாலும் பேப்பர கேளுங்க.

புகழ்ச்சி

ஒரு கட்டுரையில 'மகத்தான' ஒரு தடவைக்கு மேல வந்தா வெட்டுங்க.

அளவு

உயரம் முதல்ல, அகலம் பொறகு, எல்லா படத்துக்கும் ஒரே யூனிட்.

படத்த வெச்சிருக்கவங்க சம்மதம் போதும்னு நெனைக்கது

இது பணத்துலயும் கோர்ட்டுலயும் கொண்டு விடும். படத்த காசு குடுத்து வாங்கினவருக்கு படம் சொந்தம், அத புத்தகத்துல அச்சடிக்கிற உரிமை அதோட சேந்து வராது, எழுத்துல மாத்திக் குடுத்தாத்தான் வரும். இந்திய பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி ஓவியரோட ஆயுள் முழுக்க, அவரு இறந்த அடுத்த வருஷத்துல இருந்து இன்னும் 60 வருஷம் உரிமை உண்டு. பணிக்கர் இறந்தது 1977, அப்போ 2037 முடிய. ரவிவர்மா படங்களுக்கு அந்தக் காலம் எப்பவோ முடிஞ்சாச்சு. ஆர்ட்டிஸ்ட் இல்லன்னா வாரிசுகள்கிட்ட கேக்கணும், ஒருத்தர்கிட்ட இல்ல, எல்லார்கிட்டயும். துபாய்ல இருக்க பிள்ளைகிட்டயும் கையெழுத்து வாங்குங்க, பெரிய அண்ணன் சரின்னு சொல்லிட்டாருங்கிறது போதாது. படத்த போட்டோ எடுத்தவருக்கு அந்த போட்டோ மேல உரிமை இருக்கலாம், அவருகிட்டயும் தனியா எழுதி வாங்குங்க, பேரையும் போடுங்க.

சேகரிப்பாளர் பேரு

கேக்காம போடாதீங்க. ஒரு வீட்டுல இன்ன விலைமதிப்புள்ள படம் இருக்குன்னு ஊருக்கே அச்சடிச்சு குடுக்கிற மாதிரி ஆயிரும். அவங்க எழுத்துல சரின்னு சொன்னா பேரு போடலாம், இல்லன்னா 'தனியார் சேகரிப்பு, நாகர்கோவில்', அதுவும் அவங்களுக்கு சங்கடமா இருந்தா ஊரையும் எடுத்துட்டு தனியார் சேகரிப்புன்னு மட்டும் விட்டுருங்க. உங்க சொந்த ஃபைல்ல மட்டும் யாரு வீட்டுல எந்த படம் இருக்கு, என்னைக்கு பாத்தீங்கன்னு தேதியோட எழுதி வைங்க, அடுத்த பதிப்பு வரும்போது அத வெச்சுத்தான் திரும்ப போயி பாக்கணும்.