கன்ஸ்மித்திடம் சொல்லிச் செய்யும் 1911: ஆர்டர் கொடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செய்து, திருத்தித் தரும் கைவினைஞர்) கொடுத்துத் தன் கைக்கேற்பச் செய்துகொள்ளும் கைத்துப்பாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1911. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அந்நாட்டு ராணுவம் 1911-இல் ஏற்ற மாடல். இதன் பாகங்களை அரம் போட்டு ஒன்றோடொன்று பொருத்தலாம். கைவேலைக்கு இடம் அதிகம். அதனாலேயே வாயால் சொல்லி விட்டுவந்தால் கேட்டது ஒன்று, கிடைப்பது வேறொன்று ஆகிவிடும்.

1. சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளே உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

2. எதற்கு? இலக்குப் பயிற்சிக்கு 5 அங்குலக் குழலும், ஏற்றி இறக்கக்கூடிய பின் சைட்டும் (குறிபார்க்கும் பாகம்). இடுப்பில் வைத்துக்கொள்ள 4.25 அங்குலம், அசையாத சைட், விளிம்புகள் மழுக்கியது. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று கேட்டால் இரண்டிலும் அரைகுறைதான்.

3. அடிப்படைத் துப்பாக்கி. சீரீஸ் 70, சீரீஸ் 80 என இரு வகை. 80-இல் ஃபயரிங் பின்னை (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) தடுக்கும் கூடுதல் பாகங்கள் ட்ரிகரோடு சேர்ந்து நகரும். ட்ரிகரைச் சுத்தமாக்க அங்கே வேலை அதிகம். அதற்காக அந்தப் பாகங்களைக் கழற்றச் சொல்லாதீர்கள். கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பவை அவை.

4. ஆர்டர் சீட்டு. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, 3.5 முதல் 4 பவுண்டு. மேலும் இலேசாகக் கேட்டால், ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூடும் அதிர்வில் ஹாமர் (பின்னால் உள்ள சுத்தியல்) பிடி விட்டுத் தானே இறங்கும் அபாயம் உண்டு. .45 காலிபர் தோட்டாவுக்கு, 5 அங்குலக் குழலில், ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளுவது) வழக்கமாக 16 பவுண்டு. ஹாமரை இயக்கும் மெயின்ஸ்பிரிங்கை அளவுக்கு மீறித் தளர்த்தினால் பிரைமரில் (தோட்டாவின் பின்புறம் தீப்பற்றவைக்கும் பகுதி) அடி பலமாக விழாது, தோட்டா வெடிக்காது.

புதியவர்கள் ஸ்லைடு இறுக்கமாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். ஆனால் துல்லியத்துக்குக் குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பூட்டிக்கொள்வதும், புஷிங் (குழலின் முனையைத் தாங்கும் வளையம்) பொருத்தமும்தான் முக்கியம்.

பிடியின் முன்பட்டையில் வெட்டும் கட்டக்கோடுகள் அங்குலத்துக்கு 20, 25 அல்லது 30. 20 நன்றாகப் பிடிக்கும், ஆனால் நெடுநேரம் சுட்டால் தோலை உரசும். 25 பெரும்பாலானோருக்குச் சரி.

எந்தத் தோட்டாவில், எத்தனை தூரத்தில் சைட்டில் குறிபார்த்த இடமும் குண்டு படும் இடமும் ஒன்றுசேர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: 230 கிரெயின் (குண்டின் எடை), 25 கெஜம் என்பதுபோல. அசையாத சைட்டில் இதை விட்டுவிட்டால் பிறகு முன் சைட்டை மாற்ற வேண்டிவரும்.

பூச்சு கடைசி. ஹார்டு குரோம் போன்றவை பாகத்தின் மேல் தடிப்பைக் கூட்டும் என்பதால், எந்தப் பூச்சு என்பதைப் பொருத்தும் வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பூச்சுக்கு முன், வெறும் உலோகமாக இருக்கும்போதே சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. அனுப்புதல். உங்கள் துப்பாக்கியையே வேலைக்கு அனுப்பினால், உரிமம் பெற்ற கன்ஸ்மித் கூட்டாட்சிச் சட்டப்படி உங்களுக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம். அவர் வேறு பிரேமில் (பிடியுள்ள அடிப்பாகம்) புதிதாகக் கட்டி வெளி மாநிலத்திலிருந்து அனுப்பினால், அது உங்கள் ஊர் டீலர் வழியாகத்தான் வரும். துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டாட்சிப் படிவம் 4473 நிரப்ப வேண்டும். கூரியர் நிறுவனங்கள் தனிநபரிடம் கைத்துப்பாக்கி வாங்கத் தயங்கும். டீலர் மூலம் அனுப்புவது நிம்மதி. நீங்கள் பயன்படுத்தும் மேகசின்களையும் கூடவே அனுப்புங்கள்.

6. கைக்கு வந்ததும். மேகசினைக் கழற்றி, குழலறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். ஹாமரை ஏற்றி, பெருவிரல் சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து விடுங்கள். சேஃப்டியை இறக்கியபின் ஹாமரைக் காதருகே வைத்து மெல்லப் பின்னால் இழுங்கள். ‘டிக்’ என்று கேட்டால் சியர் (ஹாமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) சற்று நகர்ந்திருக்கிறது என்று பொருள். தோட்டா போடாமல் அப்படியே கன்ஸ்மித்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.