கார்டு ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கிறதா? படங்களை மீட்கும் வழி

மெமரி கார்டைக் கணினியில் செருகியதும் ஃபார்மேட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்று கேட்டாலும் கேன்சல்தான். சரிசெய்கிறேன் பேர்வழி என்று அது துண்டுதுண்டான ஃபைல்களை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் கொட்டிவிடும், பிறகு கிடைக்க வேண்டியதும் கிடைக்காது. அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

அக்கா மகள் காதுகுத்துப் படங்கள் இருந்த 32 ஜிபி கார்டு இப்படிப் படுத்துக்கொண்டபோது நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். கார்டு ரீடர் வேண்டும், ஹார்ட் டிஸ்கில் கார்டின் அளவைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இடம் வேண்டும்.

படி 1: லாக்

எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள குட்டி நெம்பியை லாக் பக்கம் தள்ளுங்கள். அது வெறும் பிளாஸ்டிக்தான், எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதாமல் இருக்க வேண்டியது ரீடரின் பொறுப்பு. சில மலிவு ரீடர்கள் கண்டுகொள்வதில்லை, இருந்தாலும் தள்ளிவிடுங்கள். மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரில் போட்டு, அடாப்டரின் நெம்பியைத் தள்ள வேண்டும்.

படி 2: நகல்

பழுதான கார்டை நேரடியாக நோண்டாமல், முழுக் கார்டையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்வதுதான் சரி, ஏனென்றால் சாகக் கிடக்கும் கார்டு எத்தனை முறை படிக்க விடும் என்று சொல்ல முடியாது. வின்32 டிஸ்க் இமேஜர் போதும். இமேஜ் ஃபைல் பெட்டியில் எதையும் தேடாதீர்கள், இன்னும் இல்லாத ஒரு ஃபைலின் பெயரை நாமே டைப் செய்து, கடைசியில் .ஐஎம்ஜி சேர்த்து, ‘ரீட்’ அழுத்த வேண்டும். பக்கத்திலேயே ‘ரைட்’ (எழுது) இருக்கிறது, தவறி அதை அழுத்தினால் கார்டின் மேலேயே எழுதிவிடும். லாக் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

பாதியில் பிழை காட்டி நின்றால், லினக்ஸை பென் டிரைவிலிருந்து பூட் செய்து டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதியை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் திரும்பிவந்து முட்டிப் பார்க்கும். நடுவில் நிறுத்தினாலும், எதுவரை படித்தோம் என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

படி 3: மீட்பு

காசு கேட்கும் மென்பொருள்கள் நிறைய உண்டு. ஸ்கேன் இலவசம் என்று சொல்லி, படங்களைச் சின்னதாகக் காட்டி ஆசையைத் தூண்டிவிட்டு, சேமிக்கப் போகும்போது பணம் கேட்கும். எனக்குப் பிடிக்காது. போட்டோரெக் முழுக்க இலவசம். டெஸ்ட்டிஸ்கை டவுன்லோடு செய்தால் அதனுடனே வரும், க்யூபோட்டோரெக் என்பதைத் திறந்தால் கறுப்புத் திரையில் மல்லுக்கட்ட வேண்டாம்.

மேலே உள்ள பட்டியலில் இமேஜ் ஃபைலைச் சேர்த்து, கீழே பார்ட்டிஷனை (கார்டில் ஃபைல்கள் இருக்கும் பகுதி) தேர்ந்தெடுங்கள். ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, கேட்கும் இடத்தில் ஃபேட் என்று இருக்கும் வரிசையை எடுங்கள்.

அடுத்தது ‘ஃப்ரீ’, ‘ஹோல்’ என்று இரண்டு. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. ‘ஃப்ரீ’ என்பது காலியிடத்தில் மட்டும் தேடும், அதாவது தெரியாமல் டெலீட் செய்த படங்களுக்கு. எது காலியிடம் என்று அது கேட்பது, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் கார்டின் ஃபேட் அட்டவணையிடம், நம் கார்டில் கெட்டுப்போனதே அந்த அட்டவணைதான். படம் இருக்கும் இடத்தை ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று தாண்டிப் போய்விடும், நமக்குக் கைக்கு வருவது நாலைந்து பழைய படங்கள்தான். ‘ஹோல்’ தேர்ந்தெடுங்கள். அப்போது அட்டவணையைச் சட்டை செய்யாமல், ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில்தான் தொடங்கும் என்பதை வைத்துக் கார்டு முழுக்கத் துழாவும். பார்ட்டிஷனே காட்டவில்லையா? ‘ஹோல் டிஸ்க்’ வரியை எடுங்கள்.

சேமிக்கும் இடம் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், கார்டில் வேண்டவே வேண்டாம். பிறகு ‘சர்ச்’. டீ குடித்துவிட்டு வரலாம்.

ரெகப்_டிர் என்ற ஃபோல்டர்களில் படங்கள் வந்து விழும். பழைய பெயர் இருக்காது, வெறும் எண்கள். ஆங்கில ‘டி’ (t) எழுத்தில் தொடங்குபவை படத்துக்குள் ஒளிந்திருந்த தம்ப்நெயில்கள் (குட்டி முன்னோட்டப் படங்கள்), அழித்துவிடலாம். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் வரிசைப்படுத்துவது சுலபம். பெரிய வீடியோக்கள் மட்டும் பல நேரம் ஓடாது, கார்டில் அவை துண்டுகளாகச் சிதறிக் கிடந்திருக்கும்.

பின்சேர்க்கை: நேரம் மிச்சமாகட்டும் என்று ஃபைல் வகைகளில் ஜேபிஜியை மட்டும் டிக் செய்தவர்கள் ‘என் ரா படங்கள் (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிப்பவை) எங்கே’ என்று கேட்டிருந்தார்கள். கேனனின் சிஆர்2, நிக்கானின் என்இஎஃப் இரண்டும் இதில் ‘டிஃப்’ வகைக்குள் வருகின்றன, அதையும் டிக் செய்யுங்கள்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு போனில் ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ ஆகச் சேர்த்த கார்டுக்கு இந்த வழி உதவாது. அது என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது பூட்டிய நிலையில் இருக்கும், சாவி அந்தப் போனில் இருக்கும். செருகினால் கார்டு இருப்பதாகவே தெரியாவிட்டாலும், அளவு பூஜ்யம் என்று காட்டினாலும், உள்ளே கார்டை இயக்கும் கன்ட்ரோலர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது சிப்பிலிருந்து நேரடியாகப் படிக்கும் லேப் வேலை, செலவும் அதிகம். கொடுக்கும் முன்பே எவ்வளவு ஆகும், படம் கிடைக்காவிட்டால் காசு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.