ஃபோம் போர்டை சிஎன்சியில் பிசிறில்லாமல் வெட்டுவது எப்படி

ராயபுரம் ரயில் நிலையத்தை, 1856இல் திறந்த அந்தப் பழைய கட்டடத்தை, மாடலாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. முகப்பில் தூணும் ஜன்னலும் வரிசையாக நிற்பதால் கையால் அறுத்தால் ஒன்று போல வராது என்று ஃபோம் போர்டை என் 3018 மெஷினில் வெட்டினேன். கணினி சொல்லும் பாதையில் சுழலும் பிட்டை (வெட்டும் முனையை) ஓட்டி வெட்டும் சின்ன சிஎன்சி அது. மேல் பக்கம் அருமையாக வந்தது, திருப்பிப் பார்த்தால் அடிக் காகிதம் பூராவும் கிழிந்து தொங்கியது. அதைச் சரி செய்வதற்குள் ஏழெட்டு ஷீட் போயிற்று. மெஷினை ஓட்டவும் ஜிகோடு (மெஷினுக்கான கட்டளை வரிகள்) எடுக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் போர்டு. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போய் வெறுமனே ஃபோம் போர்டு என்று கேட்டால் சில கடைகளில் சன்போர்டை எடுத்து வைப்பார்கள். அது பிவிசி, சிஎன்சியில் சுலபமாக வெட்டலாம், ஆனால் லேசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விஷப் புகை வரும். நமக்கு வேண்டியது இரண்டு காகிதத்துக்கு நடுவே ஃபோம் இருப்பது. ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: 3.175 மிமீ டவுன்கட், புதிது, ஃபோமுக்கென்றே தனியாக வைத்திருப்பது. மரம் வெட்டி மழுங்கிய பிட் காகிதத்தை வெட்டாது, பிய்க்கும். அப்கட் பிட் காகிதத்தை மேலே இழுப்பதால் மேல் ஓரம் மயிர் மயிராக நிற்கும். டவுன்கட் கீழே அழுத்துவதால் மேல் பக்கம் சுத்தமாக வரும். ஆனால் அதே அழுத்தம்தான் அடிக் காகிதத்தைக் கிழித்தது, ஏனென்றால் போர்டுக்கும் பலகைக்கும் நடுவே என்னிடம் இடைவெளி இருந்தது. இது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதுவரை ஸ்பீடைத்தான் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அடியில் வைக்கும் எம்டிஎஃப் பலகையை முதலில் அதே மெஷினால் சீவி மட்டமாக்குங்கள். நான்கு மூலையில் கிளாம்ப் போட்டால் போதாது, நடுப்பகுதி எழும்பும். டபுள் சைடு டேப் பிடிக்கும், எடுக்கும்போது காகிதத்தையும் உரித்துக்கொண்டு வரும். எனக்கு ஒத்துவந்தது மாஸ்கிங் டேப்: பலகை மேல் ஒரு வரிசை, போர்டின் அடியில் ஒரு வரிசை, வெட்டுக்கோடு போகும் இடமெல்லாம் டேப் இருக்க வேண்டும், இரண்டு டேப்பும் சந்திக்கும் இடத்தில் ஃபெவிக்விக் சொட்டு வைத்து அழுத்துங்கள். பசை ஓரத்தில் ஒழுகக் கூடாது, ஃபோமைத் தின்றுவிடும். வெட்டி முடித்ததும் டேப்பை மேலே தூக்காமல், போர்டோடு படுக்க மடக்கி மெதுவாக உரியுங்கள். வெட்டிய துண்டுகள் ஒட்டியே இருப்பதால், அவை நகராமல் இருக்க வெட்டாமல் விடும் பிடிப்புத் துண்டுகளை (tab) டிசைனில் விடவே தேவையில்லை.

ஆழம்: 5 மிமீ போர்டுக்கு முதல் பாஸ் (பிட் ஒரு முறை கோட்டில் ஓடுவது) மேலிருந்து 0.5 மிமீ, காகிதம் மட்டும். அடுத்தது 2.5. கடைசி 5.2, பலகையில் லேசாகக் கீறும் அளவு. பெயருக்கு 5 என்றாலும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். ஃபீட், அதாவது பிட் நகரும் வேகம், நிமிடத்துக்கு 800 மிமீயில் எனக்கு நன்றாக வருகிறது. பொடியாக உதிர்ந்தால் சரி, பிட்டில் நூல் மாதிரி சுற்றினால் ஃபோம் உருகுகிறது, ஃபீடைக் கூட்டுங்கள் அல்லது ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வேகத்தைக் குறையுங்கள். பொடி சட்டை, முடி என்று எங்கும் ஒட்டும், மாஸ்க் போட்டு வாக்குவம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலின் உள்மூலைகள் வட்டமாகத்தான் வரும். அதைப் புது பிளேடால் கையால் வெட்டிவிடுங்கள், மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: சொன்னபடி செய்தும் முதல் பாஸ் சில இடங்களில் காகிதத்தைத் தொடவே இல்லை என்று காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தால் போர்டே வளைந்திருந்தது. கடல் காற்றில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுவரில் சாய்த்து வைத்தால் வளையத்தான் செய்யும். பாலித்தீன் உறையோடு கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஏற்கெனவே வளைந்துவிட்டால் டேப்பில் ஒட்டியதும் நடுவில் இரண்டு தடித்த புத்தகத்தை பத்து நிமிடம் ஏற்றிவிட்டு, முதல் பாஸை 0.8 ஆக வையுங்கள்.