அடுப்படி அலமாரிக் கதவுக்குள் ஒரு மரத்தட்டு

மேடைக்குக் கீழே உள்ள அலமாரி 20 அங்குல ஆழம். சீரக டப்பா எப்போதும் கடைசி வரிசையில்தான் போய் ஒளியும். கதவின் உட்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று அங்கே ஒரு அடுக்குத் தட்டு அடித்தேன்.

பக்கங்களுக்கு 12 மி.மீ. பிளைவுட், தட்டுகளுக்கு 9 மி.மீ. தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகமே வாங்கினேன். ஆழம் மூன்றரை அங்குலம். அதற்கு மேல் போனால் கதவுக்குத்தான் பாரம். அலமாரியின் உள்தட்டைக் கழற்றி முன்பக்கம் 4 அங்குலம் அறுத்தேன், இல்லாவிட்டால் கதவு மூடாது.

பலரும் கவனிக்காதது கைப்பிடிப் பக்கம். கதவு திறக்கும்போது தட்டின் உள்மூலை நேராக வெளியே வராது, வளைந்து வரும். அட்டையில் அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்து, கதவில் ஒட்டித் திறந்து பார்த்தேன். உரசியது. அலமாரியின் பக்கப்பலகையிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது.

கதவு 18 மி.மீ. கனம். எல் கிளாம்பு (எல் வடிவ இரும்புப் பட்டை) வைத்து 15 மி.மீ. ஸ்குரூ போட்டேன், ஒரு அங்குல ஸ்குரூ என்றால் முன்பக்க மைக்காவைத் துளைத்துக்கொண்டு வந்து நிற்கும். ஃபெவிகாலை மட்டும் நம்ப முடியாது, மைக்கா மேல் அது பிடிக்காது. நடுவில் மூன்றாவதாக ஒரு கீலும் போட்டாயிற்று.

டப்பா சரியாமல் இருக்க முன்னால் ஒன்றரை அங்குல ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம். கண்ணாடி பாட்டில் எல்லாம் கீழ்த்தட்டில். அம்மா அதிலும் புளி ஜாடியை வைக்கப் பார்க்கிறார்.