தக்காளி சுவைக் கூட்டம்: விதை போடும் முன்பே தொடங்கும் ஒரு கோடைத் திட்டம்

தக்காளிச் செடி வைத்திருக்கிற எல்லோருக்கும் கோடையில் ஒரு கட்டம் வரும். சமையலறை மேடை முழுக்கப் பழம், வீட்டில் இருப்பவர்கள் போதும் போதும் என்கிறார்கள், செடியோ நிறுத்துவதாக இல்லை. நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு சுவைக் கூட்டம் வைத்தால் என்ன என்று பலருக்கும் அப்போதுதான் தோன்றுகிறது. தோன்றுவது நல்லதுதான், ஆனால் தாமதம். வெவ்வேறு ரகங்கள் ஒரே நாளில் சரியான பதத்தில் தட்டுக்கு வர வேண்டுமானால், அந்த யோசனை விதை போடும் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஒரே நடவை வைத்துக்கொண்டு மூன்று சந்திப்புகள் நடத்தலாம். தொடக்கத்தில் மிஞ்சிய நாற்றுகளைப் பகிர்ந்துகொள்வது, நடுவில் பழம் சுவைப்பது, கடைசியில் விதை மாற்றிக்கொள்வது. நடுவில் வரும் சுவைக் கூட்டத்தின் தேதியை முதலில் குறித்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் இரு பக்கமும் தானாக உட்கார்ந்துகொள்ளும்.

படி 1: தேதியைக் குறித்து, பின்னோக்கி எண்ணுங்கள்

விதைப் பொட்டலத்தில் '80 நாள்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் நாற்றை எடுத்து நட்ட நாளிலிருந்து முதல் பழம் வரையிலான கணக்கு. விதைத்த நாளிலிருந்து அல்ல. புதியவர்களின் கணக்கு உதைப்பது இங்கேதான். விதைத்து நடவுக்குத் தயாராக ஏறக்குறைய 6 வாரம் ஆகும். அதுபோக, முதல் பழம் என்றால் உண்மையிலேயே ஒரே ஒரு பழம். கூட்டத்துக்குப் போதுமான அளவு பழுக்க இன்னும் 2 வாரம் கொடுங்கள்.

80 நாள் ரகத்துக்குக் கணக்குப் போட்டால் 42 + 80 + 14 = 136 நாள். 57 நாள் ரகத்துக்கு 113. அப்படியானால் ஒவ்வொன்றையும் வேறு வேறு நாளில் விதைக்க வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. கொடிபோல நீண்டு வளர்ந்துகொண்டே காய்க்கும் ரகங்கள் ஒருமுறை காய்க்கத் தொடங்கினால் வாரக்கணக்கில் தொடரும். இருப்பதிலேயே தாமதமான ரகத்துக்கு எந்த நாள் வருகிறதோ, அன்றே எல்லாவற்றையும் விதைத்துவிடலாம். புதர்போலக் குட்டையாக நிற்கும் ரகம் மட்டும் விதிவிலக்கு. அது சில வாரங்களுக்குள் மொத்தக் காயையும் கொடுத்து ஓய்ந்துவிடும் என்பதால், அதற்குத் தனியாக எண்ணித் தனியாக விதையுங்கள். பொட்டலத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும், பாருங்கள்.

படி 2: குறைவான ரகம், நிறைய வித்தியாசம்

ஐந்து ரகம் போதும். பத்து வைத்தால் ஆறாவதைத் தாண்டியதும் நாக்கு குழம்பிவிடுகிறது, எல்லாம் 'நல்லா இருக்கு' என்ற ஒரே பதிலில் முடிகிறது. நிறத்தைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். சுவையில் விலகி நிற்பவையாகப் பாருங்கள்.

ஒரு நல்ல தொகுப்பு இப்படி இருக்கலாம். இனிப்புக்கு சன்கோல்ட் என்ற ஆரஞ்சு நிறக் குட்டித் தக்காளி. புளிப்புக்கு கிரீன் ஜீப்ரா. டாம் வேக்னர் உருவாக்கி 1983-இல் வெளியிட்டது, பழுத்த பிறகும் பச்சை வரிகள் மாறாது. ஆழமான சுவைக்கு செரோக்கி பர்ப்பிள் அல்லது பிளாக் கிரிம் போன்ற கருஞ்சிவப்பு ரகம். சதைப்பற்றுக்கு ரோமா. ஐந்தாவதாக, எல்லோரும் வழக்கமாகச் சாப்பிடும் சாதாரண உருண்டைச் சிவப்புத் தக்காளி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவது?

ரகங்களின் கதையையும் சேர்த்து வையுங்கள், கூட்டத்தில் பேச உதவும். செரோக்கி பர்ப்பிளையே எடுத்துக்கொள்வோம். 1990-இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஒருவர் பெயரில்லாத விதைகளைத் தபாலில் அனுப்பினார். அதை வளர்த்துப் பார்த்துப் பெயர் சூட்டி மற்றவர்களுக்குக் கொடுத்தவர் கிரேக் லெஹூலியர் என்ற தோட்ட ஆர்வலர். உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு ரகம், ஓர் அஞ்சல் உறையில் தொடங்கியிருக்கிறது.

பெரிய பழ ரகங்களில் தலா இரண்டு செடி, குட்டித் தக்காளியில் ஒரு செடி. ஒன்று பட்டுப்போனாலும் அந்த ரகமே இல்லாமல் போய்விடக் கூடாது.

படி 3: நாற்று, முதல் சந்திப்பு

குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். முளைத்ததும் நல்ல வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் நாற்று நூலாக நீண்டு சாயும்.

குழிக்கு இரண்டு விதை போட்டிருப்பீர்கள், அதனால் நாற்று மிஞ்சும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் சந்திப்பை வைக்கலாம். பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம்; ஒரு மேசை, பெயர் எழுதிய குச்சிகள் போதும். நாற்று வாங்கிச் செல்பவர்களிடம் சுவைக் கூட்டத்தின் தேதியைச் சொல்லி, அவர்கள் பழத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே ரகம் இரண்டு தோட்டங்களில் எப்படி மாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் செடி கைவிட்டாலும் அது ஒரு காப்பு.

படி 4: நடவும் பராமரிப்பும்

இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத காலத்தில் நடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட வேண்டும். மற்ற பல செடிகளுக்கு இப்படிச் செய்தால் தண்டு அழுகிவிடும். தக்காளி மட்டும் புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். செடிக்குச் செடி 60 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு, நட்ட அன்றே குச்சியும் ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

நீண்டு வளரும் ரகங்களில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே வரும் பக்கத் தளிர்களைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளுங்கள். புதர் ரகத்தில் கிள்ள வேண்டாம், அங்கே பக்கக் கிளையில்தான் காயே. வைக்கோலோ காய்ந்த இலையோ போட்டு மூடாக்கு அமைத்துவிட்டால் பாதி வேலை குறையும்.

தண்ணீரில் அளவைவிட ஒழுங்கு முக்கியம். மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல ஆவதும் பெரும்பாலும் இதனால்தான். அது நோய் அல்ல, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. மண்ணில் சத்து இருந்தாலும் தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் அது காய்வரை ஏறாது. ஆகவே மருந்து தேடும் முன் தண்ணீர் ஊற்றும் முறையைப் பாருங்கள்.

படி 5: கூட்டத்துக்கு 50 நாள் முன்பு

என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் இதுதான் முக்கியமான வாரம். பூ காயாகிப் பழுக்க ஏறக்குறைய 45 முதல் 55 நாள் பிடிக்கும். அதாவது கூட்டத்தன்று தட்டில் இருக்கப்போகும் பழங்களின் பூக்கள் இந்த நாட்களில்தான் பிடிக்க வேண்டும். பகலில் 32 டிகிரிக்கு மேலும் இரவில் 21 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து வெப்பம் இருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் பூ உதிரும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பூவும் வரும், காய் மட்டும் பிடிக்காது.

அதனால் நாட்காட்டியில் கூட்டத் தேதியிலிருந்து 50 நாள் பின்னால் போய், அது உச்ச வெயில் காலத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கூட்டத்தைத் தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம். முடியாதென்றால் பிற்பகலில் மட்டும் 30 சதவீத நிழல்வலை கட்டுங்கள். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால், அந்த அதிர்வே மகரந்தத்தை உதிர்த்துவிடும். தழைச்சத்து உரம் இந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

படி 6: கடைசி வாரம்

ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை ஸ்பெயினின் புன்யோல் ஊரில் தக்காளியை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து கொண்டாடுவார்கள். அங்கே குழைந்த பழம் போதும். நமக்குப் பதம் வேண்டும், அதற்கு வழி செங்காயில் பறிப்பது. நிறம் ஏறத் தொடங்கிய காயைப் பறித்து வீட்டுக்குள் 20 முதல் 25 டிகிரியில் வைத்தால் நன்றாகவே பழுக்கும். செடியிலேயே பழுத்தால்தான் ருசி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் கடும் வெயிலில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, பறவையும் புழுவும் வேறு பங்குக்கு வரும்.

பறித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் தரும் பொருட்கள் குறைந்துவிடுகின்றன. அந்த மணத்தை உருவாக்கும் மரபணுக்கள் குளிரில் அடங்கிப்போவதை 2016-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

கிரீன் ஜீப்ரா பழுத்ததா என்பதைப் பச்சை வரிகளுக்கு நடுவே மஞ்சள் தட்டுகிறதா, அழுத்தினால் கொஞ்சம் நெகிழ்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

படி 7: கூட்ட நாள்

அளவு பற்றிப் பயப்பட வேண்டாம். 300 கிராம் பழம் ஒன்றில் 30 பேருக்கு ஒருவாய்த் துண்டு வரும். ரகத்துக்கு இரண்டு, மூன்று பெரிய பழம் போதும்.

தட்டில் ரகத்தின் பெயரை எழுதாமல் எண் மட்டும் எழுதுங்கள். கவர்ச்சியான பெயர் இருந்தால் பெயருக்கே ஓட்டு விழும். முதலில் மென்மையான பெரிய ரகங்கள், பிறகு புளிப்பு, கடைசியில் குட்டித் தக்காளி என்ற வரிசையில் வையுங்கள். இனிப்பை முதலில் கொடுத்துவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் சப்பென்று இருக்கும். உப்பு தூவாமல் முதல் துண்டு, வேண்டுமானால் உப்போடு இரண்டாவது துண்டு. நடுவே வாய் கொப்பளிக்கத் தண்ணீர்.

மதிப்பெண் படிவம் எல்லாம் அச்சடிக்காதீர்கள், யாரும் நிரப்ப மாட்டார்கள். தட்டுக்கு முன் ஒரு டம்ளர், ஆளுக்கு மூன்று மணிகள், பிடித்ததில் போடலாம். மூன்றையும் ஒரே டம்ளரில் போட்டாலும் சரி. கையில் பிரிக்ஸ் மானி இருந்தால் ஒரு சொட்டுச் சாற்றில் சர்க்கரை அளவைக் காட்டலாம், குழந்தைகள் அந்த மேசையை விட்டு நகர மாட்டார்கள். சாதாரணத் தக்காளி 4, 5 என்று காட்டும், நல்ல குட்டித் தக்காளி 8-ஐயும் தாண்டும். ஆனால் அதிக எண் வந்த ரகமே வாக்கிலும் ஜெயிக்க வேண்டியதில்லை, புளிப்பும் மணமும் அந்தக் கருவியில் தெரியாது.

நறுக்கிய தக்காளியை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள்.

படி 8: நறுக்கும்போதே விதை

நறுக்கும் மேசையில் ரகத்துக்கு ஒரு கிண்ணம் வைத்து, விதையோடு வரும் கொழகொழப்பை அதில் வழித்துவிடுங்கள். அந்தக் கொழகொழப்பில் விதை முளைப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, லேசாக மூடி, 2 அல்லது 3 நாள் நொதிக்க விடுங்கள். மேலே வெள்ளைப் பூஞ்சை படரும், நாற்றமும் அடிக்கும், அது சரிதான். அதற்கு மேல் விட்டால் விதை உள்ளேயே முளைக்கத் தொடங்கும். பிறகு தண்ணீர் ஊற்றி அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். பீங்கான் தட்டில் பரப்பி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

சன்கோல்ட் போன்ற வீரிய ஒட்டு ரகத்தின் விதையிலிருந்து அதே பழம் வராது, அதை மாற்றுக்கு வைக்காதீர்கள். மற்ற ரகங்கள் பெரும்பாலும் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்பவை. என்றாலும் பக்கத்து ரகத்தோடு தேனீ கலந்துவிட வாய்ப்புண்டு என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

விதை மாற்றும் சந்திப்பைச் சுவைக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் கழித்து வையுங்கள். அதற்குள் விதை காய்ந்திருக்கும், எந்தப் பழம் பிடித்தது என்பதும் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். உறைக்கு 20 விதை தாராளம். ஈரமும் சூடும் படாமல் வைத்தால் 4, 5 வருடம் நன்றாக முளைக்கும். உறைமேல் ரகத்தின் பெயர், ஆண்டு, செடி நீண்டு வளர்வதா புதரா என்ற விவரம், அப்புறம் அந்த ரகத்துக்கு விழுந்த மணிகளின் எண்ணிக்கை. வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது கடைசியில் சொன்னதைத்தான்.